பவளத்தின் பாரம்

தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பிறந்த நாலாம் நாள், என் மகள் பவளத்தை, பிறந்த மூன்றாம் மாதம் எங்கள் பாய்மரப் படகான வத்தைக்குக் காட்டுகிற முறைப்படி, வெளியே நீட்டிய குறுக்குப்பலகையின் நுனியில் துணி விரித்துக் கிடத்தினார்கள். கிடத்திய கையை எடுப்பதற்குள் இருபத்தொரு முழ நீளமுள்ள அந்த வத்தை அவள் பக்கமாக ஒரு சாண் சாய்ந்து, விலாவில் தார் பூசிய கோடு தண்ணீரைத் தொட்டதும் நின்றுகொண்டது. என் வீட்டுக்காரர் அந்த நுனியில் உட்கார்ந்தால் எந்தக் கோடு தண்ணீரைத் தொடுமோ, அதே கோடு. அவர் கடலோடு போய் அப்போது ஐந்து மாதம்.

கரையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். யாரும் வாயில் கை வைக்கவில்லை. வத்தையில் நடுப்பாய்க் கயிறு பிடிக்கிற தில்லையம்பலம் மாமா இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், கோட்டைக் குனிந்து பார்த்து, விரலால் ஒரு தரம் தடவி, "தம்பி பாரந்தான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். என் கையில் அவள் மூன்று மாதப் பிள்ளை எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தாள். ஒரு பிள்ளை அப்பாவின் மூக்கைக் கொண்டு பிறக்கும், இன்னொன்று காதைக் கொண்டு பிறக்கும், இவள் பாரத்தைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டு, கருவாடு புரட்டிப்போடப் போய்விட்டது.

வத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் சொன்னால் விளங்காது. அது என் மாமனார் காலத்தில் ஆயினி மரமும் வேப்ப மரமும் கொண்டு கட்டியது. நான் வாக்கப்பட்டு வந்தபோதே அதற்கு நாற்பது வயது. எங்கள் தாழங்கரைக் கடல் ஆழமில்லாத சேற்றுக்கடல், அரை மைல் உள்ளே போனாலும் தண்ணீர் கழுத்துக்கு வராது, கூர்மையான அடி வைத்த படகு வந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும், அதனால் வத்தையின் அடியைத் தட்டையாக, பெரிய மரத்தொட்டி போலக் கட்டுவார்கள். முழங்கால் தண்ணீரிலும் அது மிதக்கும். ஆனால் காற்று பக்கத்திலிருந்து அடித்தால் நண்டு மாதிரி ஒருபக்கமாக ஒதுங்கிப் போகும். ஒதுங்காமல் இருக்க இரண்டு விலாவிலும் கயிற்றில் தொங்கும் பலகைகளைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். மூன்று மரம், மூன்று பாய். முன்பாய் பெரிது, நடுப்பாய் அதற்குச் சிறிது, சுக்கான் பக்கத்துப் பாய் ஒரு புடவை அகலந்தான். அத்தனை பாயையும் அந்தத் தட்டை அடியையும் வைத்துக்கொண்டு கவிழாமல் ஓடுவதற்கு ஒரே வழி குறுக்குப்பலகை. வத்தைக்குக் குறுக்கே போட்டு, காற்று வருகிற பக்கம் ஆறு முழம் வெளியே நீட்டிய ஒற்றைப் பலகை. அதில் ஓர் ஆள் உட்கார்ந்து, காற்று ஏற ஏற வெளியே நகர்ந்து, காற்று இறங்க இறங்க உள்ளே நகர்ந்து, கீழே கடலும் மேலே வானமுமாகத் தன் உடம்பையே படிக்கல்லாக வைத்து வத்தையை நிமிர்த்திப் பிடிப்பார். என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருப்பதைக் கரையிலிருந்து பார்த்தால் ஒரு கொக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

வத்தை திரும்பினால் காற்று மறுபக்கத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் பலகைக்காரர் உள்ளே வந்துவிட வேண்டும், பலகையை மறுபக்கம் மாற்றிப்போட வேண்டும். வராவிட்டால் பலகை தண்ணீருக்குள் போகும், ஆளும் கூடவே போவார். அதனால் எங்கள் கரையில் ஒரு கட்டு உண்டு. பலகைக்குப் போகச் சொன்னவர் எவரோ அவர்தான் உள்ளே கூப்பிட வேண்டும், கூப்பிட்டு, "வந்தேன்" என்று பதில் கேட்ட பிறகுதான் சுக்கானைத் திருப்ப வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் பலகைக்காரர் அசைய மாட்டார். காற்றில் நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் எதை நம்புவது என்றுதான் முன்னோர்கள் இப்படி வைத்தார்கள்.

சுக்கான் பிடிப்பவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, நேரே ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் வாய் கிடையாது, கடையில் உப்புக் கேட்பதற்கே இரண்டு தரம் எச்சில் விழுங்குகிறவள், ஆகவே அந்த வழக்கம் எனக்கு ஒரு போர்வை மாதிரி இருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமானால் அவர் மனைவி குப்பாயி அக்காவிடம் சொல்வேன், அக்கா அவரிடம் சொல்வாள், அவர் சொன்னதை அக்கா எனக்குத் திருப்பிக் கொண்டுவருவாள். மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

அண்ணன் தம்பிக்குள்ளும் கடைசியில் அப்படித்தான் ஆனது. நடுப்பாய் போதவில்லை, இன்னும் ஒரு முழம் அகலம் கூட்டினால் வத்தை இன்னும் எட்டி ஓடும் என்று என் வீட்டுக்காரருக்கு எண்ணம். அப்பா அளந்து வைத்த பாய், அதைத் தொடாதே என்பார் மூத்தார். ஐப்பசியில் மூத்தார் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் இவர் கித்தான் வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு முழத்தையும் ஒட்டுத் தைத்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுக் காயவைத்து, மரத்தில் ஏற்றிவிட்டார். வத்தை முன்னைவிட வேகமாக ஓடியதுதான் வம்பாகப் போயிற்று. மெதுவாக ஓடியிருந்தால் மூத்தார் நாலு வசவு வைது தீர்த்திருப்பார். வேகமாக ஓடிய வத்தையில் உட்கார்ந்துகொண்டு என்னவென்று வைவது? பேச்சை நிறுத்திவிட்டார். இவரும் நிறுத்திவிட்டார். ஒரே வத்தையில் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு அண்ணன் சொல்வதைத் தில்லையம்பலம் மாமா தம்பிக்குச் சொல்வார், தம்பி சொல்வதை அண்ணனுக்குச் சொல்வார். பலகைக்குப் போகச் சொல்வதும் மாமாதான், உள்ளே கூப்பிடுவதும் மாமாதான். "ஒரு காது அண்ணனுக்கு, ஒரு காது தம்பிக்கு. என் பொண்டாட்டி கூப்பிட்டா கேக்க எனக்குக் காது மிச்சமில்ல" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

மார்கழியில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைக்கு மூன்று பேர்தான் போனார்கள். நடுப்பாய்க் கயிற்றை மூத்தாரே காலில் சுற்றிக்கொண்டு சுக்கானில் இருந்தார். முன்பாயில் ஓர் ஆள், பெரிய பாய்க்கு அந்தப் பக்கம், பின்னால் நடப்பது தெரியாத இடம். வாடைக் காற்று திடீரென்று ஏறியது. என் வீட்டுக்காரரைப் பலகைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே போய் உட்கார்ந்தார். பனங்கழி நட்டிருக்கும் இடத்தில் வத்தை திரும்பியது. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை.

கூப்பிட்டேன், காற்றில் காதில் விழவில்லை என்று மூத்தார் கரையில் வந்து சொன்னார். ஊர் தலையாட்டியது. தில்லையம்பலம் மாமா மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்து, என்னிடம் சொல்லாமல் என் வீட்டு வாசல் கம்பத்திடம் சொல்வது போல, "எனக்கு இன்னைக்குக் காச்ச வந்திருக்கக் கூடாது" என்றார். எனக்கு அது போதும். ஊருக்கும் தெரிந்தது. தெரிந்ததை விரித்துப்போட்டுப் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நான் அப்போது ஏழு மாதம்.

அந்த ஒரு முழம் கூடிய பாய்க்கு அதன் பிறகு எந்த ஆளின் பாரமும் போதவில்லை. ஒருவர் உட்கார்ந்தால் வத்தை மறுபக்கம் படுத்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் வலை இழுக்கக் கை பற்றவில்லை. அப்படியிருக்கும்போதுதான் பவளத்தைப் பலகையில் கிடத்தினார்கள், கோடு தண்ணீரைத் தொட்டது.

மறுநாள் காளி கோயில் முன்னால் ஊர் கூடியது. பிள்ளை எப்படி அந்தப் பாரம் கொண்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை வத்தையில் ஏறலாமா என்பதுதான் கேள்வி. பெண் ஏறினால் வலை முறுக்கிக்கொள்ளும் என்று சிலர், கைப்பிள்ளைக்கு அது கிடையாது என்று சிலர், விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை பேசினார்கள். கடைசியில் நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அவ எங்க ஏறுறா? நாமதானே ஏத்துறோம். அடிப்பாரத்துக்குக் கல்லு போடுறமே, அது ஆம்பளக் கல்லா பொம்பளக் கல்லான்னு எவனாவது பாத்தீங்களா?"

கல்லு பால் குடிக்குமா நாட்டாமை என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், சிரித்ததோடு முடிவாகிவிட்டது. காலையில் நான் பால் கொடுத்த பிறகு வத்தை புறப்பட வேண்டும், உச்சிக்குள் திரும்ப வேண்டும், நடுவில் புகட்ட ஒரு பாலாடை தில்லையம்பலம் மாமாவிடம் இருக்கும். எல்லாம் பேசி முடித்த பிறகு யாரோ, தாய் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். அத்தனை முகமும் திரும்பியது. நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தலை குனிந்து நின்றதை ஊர் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் குப்பாயி அக்கா வந்து பவளத்தை வாங்கிக்கொண்டு போவாள், மாமா அவளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பலகை நுனியில் தொட்டில் மாதிரிக் கட்டுவார், "போ தாயி" என்பார், வத்தை போகும். அவளைப் போல ஒரு பலகைக்காரர் அந்தக் கரையில் இருந்ததில்லை என்று மாமா வந்து சொல்வார். மற்றவர்கள் காற்றைப் பார்த்து நகர வேண்டும், நகர்வதற்குள் காற்று மாறிவிடும். அவள் கட்டிய இடத்திலேயே கிடந்து, காற்று ஏறினால் கனத்தாள், காற்று இறங்கினால் இளைத்தாள், வத்தை அம்மியை வைத்த மாதிரி நிமிர்ந்து ஓடியது. மற்ற வத்தைகள் பாயைப் பாதி இறக்கிக்கொண்டு தத்தளிக்கிற சோளகத்தில் இது மூன்று பாயையும் முழுக்க விரித்துக்கொண்டு, இரண்டு வத்தை ஓட்டத்தை ஒரே ஓட்டமாக ஓடியது. திரும்புகிற இடத்தில் மாமா "உள்ள வா தாயி" என்பார், அவள் "ங்" என்பாள், அதை "வந்தேன்" என்று எடுத்துக்கொண்டு தூக்குவார், துணியோடு மறுபக்கம் கட்டுவார்.

பவளம் வத்தை என்றே அதற்குப் பேராகிவிட்டது. மீன் ஏலம் போடுகிறவர் அது வராமல் ஏலத்தைத் தொடங்க மாட்டார். முழுகாமல் இருக்கிற பெண்கள் வந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாறு வீடுகளில் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளையும் தங்கள் வத்தைப் பலகையில் கிடத்திப் பார்த்தார்கள். வத்தைகள் ஒரு காக்கை உட்கார்ந்த மாதிரிகூடக் கண்டுகொள்ளவில்லை. கீழத்தெருப் பிள்ளை ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்து, கைவலையால் அள்ளி எடுத்தபோது தண்ணீரைக் கக்கிவிட்டுச் சிரித்ததாம். அதோடு அதை விட்டுவிட்டார்கள். பவளத்தை இரவல் கேட்டும் வந்தார்கள். வேறு வத்தையில் வைத்தபோது அவள் வெறும் பிள்ளையாக இருந்தாள்.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பால்வாடியில் பிள்ளைகளை நிறுப்பார்கள். வேப்பங்கிளையில் தராசைத் தொங்கவிட்டு, கீழே துணித்தூளி மாட்டி, பிள்ளையை உட்கார்த்தி முள்ளைப் பார்த்து, கமலவேணி டீச்சர் அட்டையில் புள்ளி வைப்பார். வைகாசியில் பவளம் ஐந்து கிலோ. ஆனியில் மூன்றே முக்கால். டீச்சர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, பவளத்தை இறக்கிப் பக்கத்து வீட்டுப் பூசணிக்காயை ஏற்றி நிறுத்துப் பார்த்தார். பூசணிக்காய் சரியாக இருந்தது. பால் கொடுக்கிறாயா, கழிச்சல் உண்டா என்று கேட்டார். பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருந்தது, தொடையில் மூன்று மடிப்பு, நன்றாகக் குடித்தாள், நன்றாகத் தூங்கினாள், பாரம் மட்டும் இல்லை. சத்துமாவு இரண்டு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

எனக்குத்தான் தெரியும். கடலில் அவள் எவ்வளவு கனத்தாளோ அவ்வளவு கரையில் குறைந்து வந்தாள். பலத்த காற்று அடித்த நாளில் திரும்பி வந்தால் தூளிக் கயிறு தொய்ந்து கிடக்கும். தலையணையில் தலை வைத்தால் பள்ளம் விழாது. மணலில் குப்புறப் போட்டால் தவழ்ந்து போவாள், பின்னால் தடமே இருக்காது. வாசலில் காற்று வீசினால் பஞ்சு மாதிரி ஒரு விரல் உயரம் எழும்பிக் களுக்கென்று சிரிப்பாள். நான் வலையிலிருந்து ஈயக்குண்டு நாலு அறுத்து அவள் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், நல்ல யோசனை, காற்றுக் காலம் பார் என்றார்கள், ஒருத்தி இன்னும் இரண்டு குண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்காவிடம் சொன்னேன். பிள்ளை கரைகிறாள், இனி அனுப்ப மாட்டேன், நடுப்பாயில் கூட்டின ஒரு முழத்தை வெட்டிவிட்டால் பழையபடி ஓர் ஆளே போதுமே என்று மூத்தாரிடம் சொல்லச் சொன்னேன். மூத்தார் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், நான் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்தது, ஆனாலும் அக்கா எழுந்து போய் அவரிடம் சொன்னாள், அவர் சொன்னதைத் திரும்ப எடுத்து வந்தாள்.

"தம்பி தைச்ச தையல்ல நான் கத்தி வைக்க மாட்டேங்கிறாரு. இந்தச் சோளகம் முடியட்டுங்கிறாரு."

சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பேசாத வாய்க்குப் பதிலாகத்தான் அவர் அந்தப் பாயைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார் என்பது அவளுக்கும் தெரியும். அப்படி ஓடுவதற்கு என் பிள்ளை கரைய வேண்டியிருந்தது.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை டீச்சர் சொன்னதால் ஈயக்குண்டுகளைக் கழற்றிவிட்டுப் பவளத்தைத் தூளியில் வைத்தேன். முள் அசையவில்லை. டீச்சர் தூளியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், முள் ஆடியது. கையை எடுத்தார், நின்ற இடத்துக்கே வந்தது. பவளம் தூளியிலிருந்து மெல்ல மெல்லக் கிளையை நோக்கி எழும்பத் தொடங்கினாள், நான் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். வெகுநேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழ எழுத இதுல இடமில்ல தையல்நாயகி" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா வருவதற்கு முன்னால் நானே பிள்ளையை இடுப்பில் வைத்து, குண்டுகளைக் கட்டி, முந்தானையால் என்னோடு சேர்த்து முடிந்துகொண்டு கரைக்குப் போனேன். தண்ணீரில் இறங்கி நடந்தேன். புடவை நனைந்து கனத்தது. வத்தையின் விளிம்பைப் பிடித்து ஏறி, பலகை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் உதறியபடியே நின்றுவிட்டார்கள். "அப்ப தாயையும் கல்லுலதான் சேக்கணும் போல" என்று யாரோ சொன்னார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் பழகிவிட்டது. மூத்தார் என் பக்கம் திரும்பாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். மாமா என்னையும் பார்த்து, அவரையும் பார்த்து, கயிற்றை அவிழ்த்தார். அவர் கையால் பிள்ளையைப் பலகை நுனியில் கட்டவிட்டேன். ஒரு கையால் அவள் காலைப் பிடித்தபடி பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

சோளகம் அன்றைக்கு முழுக்க அடித்தது. மூன்று பாயும் புடைத்தன. நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன், ஆறு முழப் பலகையின் நுனியில் என் பிள்ளை கிடக்க, அவளுக்குக் கீழே கடல் ஓடுகிறது, பலகை அவள் பாரத்தில் வளைந்து முனகுகிறது, அவளோ வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். என் கையில் இருந்த அவள் பாதம் ஒரு பெரிய ஆளின் பாதம் மாதிரிக் கனத்துக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கடலிலிருந்து வந்து பக்கத்தில் படுத்தால் அவர் கால் அப்படித்தான் இருக்கும். அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் எப்படி வருவார்?

பனங்கழி தெரிந்தது. மாமா "உள்ள வா தாயி" என்று வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எழுந்து உட்கார்ந்து, திரும்பி, சுக்கான் பக்கம் பார்த்து, எட்டு வருசத்தில் முதல்முறையாக மூத்தாரின் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் முகம்தான், கொஞ்சம் வயதானது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அவரை உள்ள கூப்பிடுங்க."

அவர் மாமாவைப் பார்த்தார், நீ சொல் என்பது போல. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் பேர் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

பாய்கள் படபடத்தன. அவர் வாயைத் திறந்து மூடினார், திறந்து மூடினார், பிறகு மார்கழியிலிருந்து தொண்டையில் கிடந்தது அப்படியே பெயர்ந்து வந்த மாதிரிக் கூப்பிட்டார்.

"வைரக்கண்ணு. உள்ள வாடா."

பதில் எதுவும் எங்கள் காதில் விழவில்லை. பலகை மட்டும் அதிர்ந்து மேலே எழும்பியது. ஆள் ஒருவர் நுனியிலிருந்து உள்ளே நகர்ந்து வந்தால் எப்படி ஒவ்வோர் அடிக்கும் பலகை தணிந்து நிமிருமோ அப்படி மூன்று முறை தணிந்து நிமிர்ந்தது. வத்தையின் விளிம்பு ஒரு காலை வாங்கிக்கொண்டது போல முனகியது. என் தோள் பக்கத்தில் ஈரச் சட்டையின் வாடை வந்து போனது. நான் பவளத்தை அவிழ்த்துக்கொண்டு வத்தைக்குள் நகர்ந்து மடியில் வைத்தேன். குடத்தில் தண்ணீர் விழுந்து நிறைவது போல அவள் கொஞ்சங்கொஞ்சமாக என் மடியில் கனத்தாள். ஐந்து மாதப் பிள்ளையின் பாரம் வந்ததும் நின்றது. அவள் வீறிட்டு அழுதாள்.

பலகையில் ஆள் இல்லை, பாயோ ஒரு முழம் கூடுதல். வத்தை மறுபக்கம் படுக்கத் தொடங்கியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. மாமா சுக்கானைத் தாவிப் பிடித்தார். நான் மூத்தாரைப் பார்த்தபடியே இருந்தேன்.

"நீங்க போய் உக்காருங்க" என்றேன்.

நாற்பது வருசமாகச் சுக்கானை விட்டு அசையாதவர், தவழ்ந்து போய்ப் பலகை நுனியில் உட்கார்ந்தார். வத்தை நிமிர்ந்தது.

திரும்ப வேண்டிய நேரத்தில் மாமா அவரைக் கூப்பிட்டார். அசையவில்லை. முன்பாயிலிருந்த ஆளும் கூப்பிட்டார். அவர் என் பக்கம் திரும்பி, கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். போகச் சொன்னவள் நான். என் தலை தானாகக் குனிந்தது. மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று பாயையும் இறக்கிச் சுருட்டச் சொல்லி, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டே, அவர் பக்கமாகச் சாய்ந்தபடியே வத்தையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அது நடந்து இன்னொரு சோளகம் வந்துவிட்டது. வத்தையை மணலில் ஏற்றிவிட்டார்கள். மூத்தார் பலகை நுனியில்தான் இருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை, ஆகவே பலகைக்கு மேலே கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், கீழே ஒரு முக்காலியும் போட்டார்கள். அக்கா காலையில் கஞ்சியும் மத்தியானம் சோறும் ஏற்றிக் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை நாவிதர் வந்து முக்காலியில் ஏறிச் சவரம் செய்துவிட்டுப் போகிறார். அந்த நிழலில் வலை முடைகிறார்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி யாராவது பேச்சை நிறுத்திக்கொண்டால், வீட்டில் உள்ளவர்கள் அவர்களைக் கூட்டி வந்து அவருக்கு எதிரில் உட்கார்த்துகிறார்கள். அரை நாளில் பேசிவிடுகிறார்கள்.

வாரம் ஒருமுறை அக்கா என்னிடம் வருவாள். நடுவில் ஆள் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியாது, கொஞ்ச நேரம் முறத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

"தையலு, நீ அனுப்பினவ. பேர்கூடச் சொல்ல வேணாம். மூத்தாரே, உள்ள வாங்கன்னா போதும்."

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். பாவம், அது வாயில்லாப் பூச்சி, அன்றைக்கு உயிருக்குப் பயந்து ஏதோ பேசிவிட்டது, மூத்தாரைப் போய் எப்படிக் கூப்பிடும் என்று ஊரே எனக்காகப் பேசுகிறது. நான் மறுத்துச் சொல்வதில்லை.

பவளத்துக்கு ஒன்றேகால் வயது. அட்டையில் எட்டரைக் கிலோ, பேனாவால் எழுதியிருக்கிறது. பால்வாடிக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வத்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். காற்று ஏறுகிற நேரமாக இருந்தால், மணலில் கிடக்கிற வத்தைக்காக அவர் பலகையில் ஓர் அங்குலம் வெளியே நகர்கிற சத்தம் கேட்கும். என் காலடி கேட்டதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். அவர் என் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார் என்று தெரியும். மூத்தார் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் குனிந்த தலையோடு கடந்து போகிறேன். பிள்ளை நாளுக்கு நாள் கனக்கிறாள், பாதி வழியில் இடுப்பு மாற்ற வேண்டியிருக்கிறது.